தொழில் கற்றுத்தரும் பட்டம் எப்படி இருக்க வேண்டும்?

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் கலை, அறிவியல் கல்லூரிகளின் மதில்களில் புதிய பட்டப்படிப்புகளின் பெயர்கள் ஏறிவிடுகின்றன. லாஜிஸ்டிக்ஸ், ரீடெயில், உணவுப் பதப்படுத்துதல், மருத்துவமனை நிர்வாகம் என்று பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. கூடவே ‘படிக்கும்போதே சம்பளம்’ என்றொரு வாசகம். வேலைக்கு ஏற்ற பட்டப்படிப்புகள் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால், பழைய பாடத்திட்டத்தின் மேல் புதுப் பெயரை ஒட்டினால் அது தொழில் படிப்பாகிவிடாது. தொழில் நடக்கும் இடமும், அந்தத் தொழிலைச் செய்தவரும் படிப்புக்குள் வந்தாக வேண்டும்.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தொழில் பழகுநர் பயிற்சியை உள்ளடக்கிய பட்டப்படிப்புகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் வெளியிட்டது. மூன்றாண்டுப் பட்டத்தில் குறைந்தது ஒரு செமஸ்டர், அதிகபட்சம் மூன்று செமஸ்டர் மாணவர் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெறலாம். அந்தப் பயிற்சி பட்டத்துக்கான கணக்கில் சேரும். மாத உதவித்தொகையும் உண்டு. காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். பாடத்திட்டக் குழுக்கள் இதை எப்படி எழுதப்போகின்றன என்பதில்தான் லட்சக்கணக்கான பிள்ளைகளின் மூன்று ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

கல்லூரிக்கு வந்தாயிற்று, அடுத்து?

உயர்கல்வியில் சேர்வோர் விகிதத்தில் தமிழ்நாடு நாட்டின் சராசரியைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி இந்தியாவின் விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வருவோருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் வந்தபின் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் இன்னும் தைரியமாக வருகிறார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பட்டம் என்பது ஓர் உரிமை. அதே சமயம் ஒரு கெடுவும்கூட. மூன்று ஆண்டுகள் முடிந்த மறுமாதமே வீட்டுக்குப் பணம் வர வேண்டும். அப்பா வாங்கிய கைமாத்து, அம்மா சேர்ந்திருக்கும் மகளிர் குழுக் கடன் எல்லாம் அந்த மாதத்தை எதிர்பார்த்தே வாங்கப்பட்டவை. படிப்பு முடிந்து வரும் பிள்ளையோ கணினி மையத்தில் டேலி கற்கப் போகிறான். அல்லது போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் சேர்கிறாள். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு அறைகளில் பட்டதாரிகள் நிறைந்திருப்பதை எல்லோரும் அறிவோம்.

மறுபுறம், தொழில் நடத்துகிறவர்களைக் கேட்டால் ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். ஓசூரில் இயந்திரப் பாகம் செய்பவரும் இதைச் சொல்கிறார், ஆம்பூரில் தோல் பொருள் செய்பவரும் சொல்கிறார். ‘ஆள் இல்லை’ என்பதில் ‘இந்தச் சம்பளத்துக்கு ஆள் இல்லை’ என்பதும் ஒளிந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் கல்லூரிகளின் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனாலும் இரு தரப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்மையாகவே இருக்கிறது.

தொடங்கித் தேய்ந்த முயற்சிகள்

படிப்போடு தொழிலைச் சேர்க்கும் யோசனை புதிதன்று. 1966இல் கோத்தாரி கல்விக் குழு சொன்னது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. 1990களின் நடுவில் இளநிலைப் பட்டத்தில் ஒரு தொழில் பாடத்தைச் சேர்க்கும் திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்தது. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. 2014இல் பி.வோக். (இளநிலைத் தொழிற்கல்வி) என்ற பட்டமே பிறந்தது.

பி.வோக். வடிவமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. 60 சதவீதம் தொழில் பயிற்சி, 40 சதவீதம் பொதுக் கல்வி. ஓராண்டில் விட்டுப் போனால் டிப்ளமோ, இரண்டாண்டில் உயர் டிப்ளமோ, மூன்றாண்டு முடித்தால் பட்டம். அப்படியிருந்தும் ‘பி.வோக்.னா என்ன?’ என்று கேட்கிற பெற்றோரே இன்றும் அதிகம்.

ஏன் வேரூன்றவில்லை? மானியம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வந்தது. பல கல்லூரிகள் அதை ஒரு துறையாக எண்ணவில்லை, ஒரு புராஜெக்டாகவே எண்ணின. நிரந்தர ஆசிரியர் பணியிடம் கேட்டுப் பெறப்படவில்லை. ஏற்கெனவே இருக்கிற துறைப் பேராசிரியர் ஒருவர் ‘கூடுதல் பொறுப்பு’ பார்த்தார். 60 சதவீதத் தொழில் பயிற்சி என்பது நடைமுறையில் ஒரு தொழிற்சாலைச் சுற்றுலா, கோடை விடுமுறையில் ஒரு மாத இன்டர்ன்ஷிப், அதற்கொரு சான்றிதழ், ஸ்பைரல் பைண்டிங் செய்த ஓர் அறிக்கை என்று சுருங்கியது. அந்த அறிக்கையைக் கல்லூரி வாசலிலுள்ள ஜெராக்ஸ் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்பது எந்த மாணவருக்கும் தெரியும்.

1953இன் நினைவு

தமிழ்நாட்டில் தொழில்சார்ந்த கல்வியைப் பற்றிப் பேசும் எவரும் 1953ஐத் தாண்டிப் போக முடியாது. முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றிருந்தது. அதைக் குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி விலகினார். காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த அச்சம் உயிரோடு இருக்கிறது. கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 வயதினரையும் சேர்க்கலாம் என்றிருந்ததைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. 35 வயதைக் குறைந்தபட்ச வரம்பாக வைத்து, கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியாக அறிவித்தது. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் பிள்ளையைத் தகப்பன் தொழிலுக்குத் தள்ளக் கூடாது என்பதுதான் வாதம்.

இந்த அச்சத்தைப் பழங்கதை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொழில்சார் பட்டங்களில் யார் வந்து சேர்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மற்ற எதிலும் இடம் கிடைக்காதவர்கள், மதிப்பெண் குறைந்தவர்கள், கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் மட்டும் இங்கே ஒதுக்கப்பட்டால், அது சாதியின் பெயரைச் சொல்லாமலேயே சாதி செய்த வேலையைச் செய்துவிடும். ஆகவே வடிவமைப்பின் முதல் விதி: இந்தப் பட்டத்திலிருந்து மேலே போகும் எந்தக் கதவும் மூடியிருக்கக் கூடாது. எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.பி.ஏ., அரசுத் தேர்வு, ஆசிரியர் பணி, ஆராய்ச்சி என எல்லாவற்றுக்கும் வழி இருக்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு பட்டம்

பொதுவாகப் பேசிக்கொண்டே போகாமல் ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் பின்னலாடைத் தொழிலுக்கு ஒரு மூன்றாண்டுப் பட்டம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து தொடங்குவது?

வழக்கமாக நடப்பது இது: ‘ஜவுளித் தொழில் ஓர் அறிமுகம்’ என்று ஒரு தாள், ‘மேலாண்மைக் கோட்பாடுகள்’ என்று ஒரு தாள், கணினி ஒன்று, சுற்றுச்சூழல் ஒன்று. மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட். துணியைத் தொடாமலேயே பட்டம் வாங்கிவிடலாம்.

மாற்றி யோசிப்போம். முதல் செமஸ்டரிலேயே மாணவர் கையில் நூல் இருக்க வேண்டும். முப்பதாம் நம்பர் நூலுக்கும் நாற்பதாம் நம்பருக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரிய வேண்டும். ஜி.எஸ்.எம். கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வட்டமாக வெட்டி, எடை போட்டு, நூறால் பெருக்கினால் துணியின் கனம் கிடைத்துவிடும். ஒரு சதுர மீட்டரில் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த கணக்கு அங்கே அர்த்தம் பெறுகிறது. ஒரு கிலோ துணியில் எத்தனை டி-ஷர்ட் வரும், கட்டிங்கில் எவ்வளவு கழிவு போகும், சாயம் ஏற்றும்போது எடை எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடத் தொடங்கினால் அதுவே அடக்கவிலைக் கணக்கியல். பி.காம். வகுப்பில் ஓராண்டு நடத்தும் பாடத்தின் சாரம் ஒரு டி-ஷர்ட்டில் இருக்கிறது.

சாயப்பட்டறைக்கு வருவோம். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு சேர்க்கிறார்கள். அந்த உப்பு எங்கே போகிறது? நொய்யல் ஆற்றுக்குப் போனது. அதனால்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறியபின்தான் பட்டறைகள் மூச்சுவிட்டன. இதைப் புரிந்துகொள்ள வேதியியல் வேண்டும், சட்டம் வேண்டும், ஆற்றங்கரை விவசாயியின் தரப்பும் தெரிய வேண்டும். பி.வோக்.கில் ‘பொதுக் கல்வி’ என்று 40 சதவீதம் ஒதுக்கியிருப்பது இதற்குத்தான். அதில் சம்பந்தமில்லாத நான்கு தாள்களைப் போட்டு நிரப்புவது வீண்.

ஆங்கிலமும் அப்படியே. ஷேடு மாறிவிட்டது என்று ஜெர்மனியிலிருந்து வந்த மின்னஞ்சலுக்கு மெர்ச்சண்டைசர் எழுதும் பதில்தான் அந்த மாணவருக்கான மொழிப் பயிற்சி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எப்படிப் பிடிக்கப்படுகிறது, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு தர வேண்டும், பணியிடத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால் புகாரை யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் கட்டாயப் பாடமாக வேண்டும். பவர் டேபிளில் தைக்கப் போகிறவருக்கும் நாளை அதே தளத்தில் சூப்பர்வைசர் ஆகப்போகிறவருக்கும் இது ஒருசேரத் தேவை.

இரண்டாம் ஆண்டிலிருந்து மாணவர் பாதி நாட்கள் கம்பெனியில் இருக்கட்டும். ஆனால், ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்து ஓராண்டை ஓட்டிவிடக் கூடாது. நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், செக்கிங், பேக்கிங், சேம்பிள் பிரிவு என்று சுற்றிவர வேண்டும். திருப்பூரில் இவை ஒரே கூரையின் கீழ் இருப்பது அபூர்வம். பெரும்பாலும் ஜாப் ஒர்க். வேறு வேறு தெருக்களில், வேறு வேறு முதலாளிகளிடம். ஆகவே ஒரு கல்லூரி ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டால் போதாது. பத்துப் பதினைந்து யூனிட்டுகளின் கூட்டமைப்போடு போட வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆட்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். சிறு யூனிட்டுகள் அந்த எண்ணிக்கைக்குள் வராது. அவற்றைச் சேர்க்க ஏற்றுமதியாளர் சங்கம் முன்வந்தால்தான் உண்டு.

நடுவில் விட்டுப்போகும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓராண்டில் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. யார் அப்படிப் போவார்கள்? வீட்டில் பணம் இல்லாதவர்களும், கல்யாணம் பேசி முடிக்கப்பட்ட பெண்களும்தான். சம்பாதித்த மதிப்பெண் அலகுகளை ஏழாண்டுகள் வரை சேமித்து வைக்கத் தேசிய அளவில் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அவர்கள் திரும்பி வரும்போது அந்தப் படிப்பு அந்தக் கல்லூரியில் இருக்க வேண்டுமே? மாலை வகுப்பு இருக்க வேண்டுமே? வெளியேறும் வாசலை எழுதும் குழு, உள்ளே வரும் வாசலையும் அதே பக்கத்தில் எழுதட்டும். இல்லாவிட்டால் இடைநிற்றலுக்குச் சான்றிதழ் கொடுத்த கதைதான்.

இடங்களின் எண்ணிக்கையை யார் தீர்மானிப்பது?

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 1970களில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. போஷ், டைம்லர்-பென்ஸ் போன்ற நிறுவனங்கள் ஸ்டுட்கார்ட்டில் சேர்ந்து உருவாக்கிய அந்த முறை 2009இல் முழுமையான பல்கலைக்கழகமானது. அங்கே மாணவர் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். அதன் பின்னரே பல்கலைக்கழகத்தில் இடம். மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனம் என்று மாறி மாறி மூன்று ஆண்டுகள். வகுப்பில் இருக்கும் மாதங்களிலும் நிறுவனம் சம்பளம் தருகிறது.

ஜெர்மனியை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. அங்கே பழகுநர் பயிற்சிக்குப் பல தலைமுறை மரபு இருக்கிறது. தொழில் சபைகள் வலுவாக இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: எத்தனை நிறுவன ஒப்பந்தமோ, அத்தனை இடம். நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் 60 இடங்களுக்கு அனுமதி வாங்குகிறோம், கட்டணம் வசூலிக்கிறோம், ஐந்தாம் செமஸ்டர் வந்தபின் இவர்களை எங்கே அனுப்புவது என்று தேடுகிறோம்.

இலங்கையிலிருந்தும் ஒன்று கற்கலாம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவினார்கள். தொழிற்பயிற்சித் தகுதிகளில் படிப்படியாக ஏறி வந்தவர்கள் அங்கே பட்டம்வரை போக முடியும். ஏழாம் படிநிலை என்றால் இளநிலைப் பட்டம். நம் ஐ.டி.ஐ. மாணவர் மொழிப்பாடத் தேர்வு எழுதிப் பிளஸ் டூ இணைச் சான்று பெறலாம் என்பதுவரை தமிழ்நாடும் வந்திருக்கிறது. அவர் பட்டப்படிப்பில் சேர்ந்தால், பட்டறையில் அவர் ஏற்கெனவே கற்ற இரண்டாண்டுகளையும் கணக்கில் எடுப்பதுதான் அடுத்த படி. மோட்டார் கட்டத் தெரிந்தவரை மறுபடியும் முதலாம் ஆண்டில் உட்கார வைத்து ஸ்க்ரூ டிரைவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

சாய மாஸ்டர் வகுப்பெடுக்க முடியுமா?

முடியாது என்பதுதான் இன்றைய பதில். நெட், செட், பிஎச்.டி. இல்லாமல் உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. இருபது ஆண்டுகள் சாயம் கலந்தவர் வருகைதரு பேச்சாளராக ஒருநாள் வந்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

இதற்கும் ஒரு வாசல் 2022இல் திறந்தது. துறையில் 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களை, பட்டத் தகுதியைக் கேட்காமலேயே, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கையில் 10 சதவீதம் வரை பேராசிரியராக அமர்த்தலாம் என்றது மானியக் குழு. விதியில் மூத்த பொறுப்புகளில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை என்றும் இருக்கிறது. அதனால் இந்த நாற்காலிகள் ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் போகும் வாய்ப்பே அதிகம். தொழில்சார் பட்டத்துக்குத் தேவை தலைவர்கள் அல்லர், மாஸ்டர்கள். கட்டிங் மாஸ்டர், சமையல் மாஸ்டர், அச்சுக்கூட ஃபோர்மேன். அவர்களுக்கு முறையான மாதச் சம்பளமும், பாடம் நடத்தும் முறையில் சில வாரப் பயிற்சியும், மதிப்பெண் போடும் அதிகாரமும் தர வேண்டும். மதிப்பெண் அதிகாரம் இல்லாத ஆசிரியரை மாணவர் மதிப்பதில்லை என்பது கல்லூரியில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்த விஷயம்.

அரசாணைக்கு அலையும் பட்டம்

பட்டம் வாங்கியபின் வரும் தலைவலி இன்னொன்று. பி.வோக். பட்டம் மற்ற இளநிலைப் பட்டங்களுக்கு இணை என்று மானியக் குழு சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்கும் பணிகளுக்கு, பெயர் சற்று மாறியிருந்தாலே இணைத்தன்மைக்கான அரசாணையைக் காட்டச் சொல்வார்கள். தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புவரை வந்து, அங்கே தடுக்கி விழுந்தவர்கள் இருக்கிறார்கள். குற்றம் மாணவருடையது அன்று. கவர்ச்சியான பெயர் வைத்த கல்லூரியும் அதை அனுமதித்த பல்கலைக்கழகமும் செய்த வேலை அது. ‘பி.எஸ்சி.’ என்ற தலைப்பின்கீழ் அடைப்புக்குறிக்குள் சிறப்புப் பாடத்தைப் போட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பெயரில் புதுமை காட்டும் ஆசையைப் பாடத்தில் காட்டலாம்.

செய்ய வேண்டியவை

உயர்கல்வித் துறை முதலில் ஒரு நிபந்தனை விதிக்க வேண்டும். கையெழுத்தான நிறுவன ஒப்பந்தங்களைக் காட்டாமல் எந்தத் தொழில்சார் பட்டத்துக்கும் இடங்கள் ஒதுக்கக் கூடாது. இணைத்தன்மை ஆணையும், எந்தெந்த முதுநிலைப் படிப்பில் சேரலாம் என்ற பட்டியலும் மாணவர் சேர்க்கைக்கு முன்பே வெளியாக வேண்டும். பின்னால் வரும் என்ற சமாதானம் செல்லாது.

படிப்புகள் அந்தந்த வட்டாரத்தின் தொழிலிலிருந்து எழ வேண்டும். தூத்துக்குடியில் துறைமுகமும் மீன் குளிர்பதனமும், சிவகாசியில் அச்சு, கோவையில் பம்பும் வார்ப்பும். அதே சமயம் உள்ளூர்ப் பிள்ளைக்கு உள்ளூர்த் தொழில்தான் என்று ஆகிவிடக் கூடாது. இராமநாதபுரத்து மாணவி கோவையில் படிக்க விரும்பினால் விடுதியும் உதவித்தொகையும் கிடைக்க வேண்டும். பெண்களுக்கு இரவு ஷிப்ட், போக்குவரத்து, தங்குமிடம் பற்றிய விதிகள் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

பயிற்சி உதவித்தொகை மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாக ஏற வேண்டும். கல்லூரி வழியாகவோ இடைத்தரகர் வழியாகவோ வரக் கூடாது. விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்ற சுழற்சி அட்டவணையை மீறும் நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு பழகுநர்கள் இல்லை என்று சொல்லும் துணிவு கல்லூரிக்கு வேண்டும். மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டமான ‘நான் முதல்வன்’ திட்டத்துக்கு நிறுவனங்களோடு ஏற்கெனவே உள்ள தொடர்பை, குறும்படிப்புகளோடு நிறுத்தாமல் இந்த ஒப்பந்தங்களுக்கும் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு கல்லூரியும் முந்தைய அணியில் எத்தனை பேர் எந்த வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதைத் தன் இணையதளத்தில் ஆண்டுதோறும் போட வேண்டும். ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்ற பேனருக்குப் பதில் அந்த ஒரு பக்கம் போதும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கட்டணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பயிற்சி தரும் நிறுவனத்தின் ஒப்பந்த நகல் எங்கே? பாடம் எடுப்பவர்களில் அந்தத் தொழிலைச் செய்தவர் யார்? இதை முடித்தபின் என் பிள்ளை எந்த முதுநிலைப் படிப்பில் சேரலாம்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத கல்லூரியின் புதுப் பெயர்ப் படிப்பைவிட, பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியின் சாதாரண பி.காம். எவ்வளவோ மேல்.